போட் மெயிலில் ஒரு சிறுவர் நாவல்: தேதி குறிப்பதிலிருந்து கடைக்குக் கொண்டுபோவது வரை

128 பக்கம் உள்ள ஒரு சிறுவர் நாவலுக்கு எனக்கு இரண்டரை வருடம் ஆனது. 1935 டிசம்பரில் எழும்பூரில், இலங்கைக் கப்பலைப் பிடிக்கிறவர்கள் போகும் ரயிலான போட் மெயில் ஏறி தனுஷ்கோடிக்குப் போகிற ஓர் அக்காவும் தம்பியும், வழியில் அவர்கள் கையில் வந்து சேரும் ஒரு தபால் பை. இவ்வளவுதான் கதை. எழுத எட்டு மாதம் போதுமானதாக இருந்தது. மீதிக் காலம் முழுக்க, எழுதியதைக் கிழித்துப் போட்டுத் திரும்ப எழுதியதிலும், எந்தத் தாளை யாரிடம் கொடுப்பது என்று தெரியாமல் அலைந்ததிலும் போயிற்று.

ரயிலுக்குள் நடக்கும் பழங்காலக் கதை ஒன்றைப் பத்து, பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளுக்கு எழுத நினைக்கிறவர்களுக்கு அந்த அலைச்சலில் பாதியாவது மிச்சமாகட்டும் என்று இதை எழுதுகிறேன். என் உதாரணங்கள் எல்லாம் போட் மெயில் பாதையைச் சேர்ந்தவை. உங்கள் கதை வேறு பாதையில் ஓடினாலும் வேலை இதே வரிசையில்தான்.

1. முதலில் தேதியைக் குறியுங்கள்

"வெள்ளைக்காரன் காலத்தில்" என்று பொதுவாக வைத்துக்கொண்டு ஆரம்பிக்காதீர்கள். வருடம், மாதம், தேதி, கிழமை நான்கும் வேண்டும். வருடம் மாறினால் கதையின் வழியே மாறிவிடும். 1914 பிப்ரவரி 24-ல் பாம்பன் பாலம் திறப்பதற்கு முன்பு கொழும்புக்குப் போகிறவர்கள் ரயிலில் தூத்துக்குடி போய் அங்கே கப்பல் ஏறினார்கள். அதன் பிறகுதான் தனுஷ்கோடி வழி. 1942 செப்டம்பரிலிருந்து 1945 அக்டோபர் நடுப்பகுதி வரை, போர்க்காலம் என்பதால் இந்தியக் கடிகாரத்தையே ஒரு மணி நேரம் முன்னால் தள்ளி வைத்திருந்தார்கள். அந்த வருடங்களில் விடியும் நேரத்தை எழுதும்போது கவனம் வேண்டும். 1957 ஏப்ரல் 1 முதல் அணா போய் நயா பைசா வந்தது. 1964 டிசம்பர் 22-ஆம் தேதி இரவுப் புயலுக்குப் பிறகு தனுஷ்கோடி ஸ்டேஷனே இல்லை.

அந்தப் புயல் இரவை வைத்துத்தான் பலரும் எழுத ஆசைப்படுகிறார்கள். பாம்பனிலிருந்து கிளம்பிய பாசஞ்சர் ரயில் பயணிகளோடு கடலுக்குள் போன இரவு அது. உறவுகளைப் பறிகொடுத்த குடும்பங்கள் ராமேஸ்வரத்திலும் மண்டபத்திலும் இன்றும் இருக்கின்றன. அதை ஒரு சாகசக் கதையின் உச்சக்கட்டமாக வைக்க எனக்கு மனம் வரவில்லை. நீங்கள் எழுதத்தான் போகிறீர்கள் என்றால், முதலில் அந்த ஊர்களுக்குப் போய் நாலு பெரியவர்களிடம் உட்கார்ந்து பேசிவிட்டு எழுதுங்கள்.

தேதி குறித்த கையோடு அந்த வருடத்துப் பஞ்சாங்கத்தையும் பாருங்கள். என் முதல் வரைவில் டிசம்பர் 24-ஆம் தேதி இரவு ரயில் விழுப்புரம் தாண்டியதும் வயலெல்லாம் நிலா வெளிச்சத்தில் மின்னும். தம்பி அந்த வெளிச்சத்தில்தான் பையின் மேல் இருந்த முத்திரையைப் படிப்பான். 1935 டிசம்பர் 25 அமாவாசை. அந்தக் காட்சியை எடுத்துவிட்டு, கார்டின் கைவிளக்கு வெளிச்சத்தில் அவன் படிப்பதாக மாற்றினேன். இருட்டில் அந்த இடம் இன்னும் நன்றாக வந்தது.

2. கால அட்டவணை கிடைக்காமல் முதல் அத்தியாயம் எழுதாதீர்கள்

இதை நான் தலைகீழாகச் செய்தேன். ஆறு அத்தியாயம் எழுதிய பிறகுதான் அட்டவணையைத் தேடிப் போனேன். ஆறில் நான்கு வீணானது.

ரயில் கதையில் ஒவ்வொரு காட்சிக்கும் ஒரு நேரமும் ஓர் ஊரும் உண்டு. இரண்டு ஸ்டேஷனுக்கு நடுவே எத்தனை நிமிடம் இருக்கிறதோ அவ்வளவுதான் அந்தக் காட்சி ஓட முடியும். ஸ்டேஷனில் 5 நிமிடம் நிற்கும் என்றால் அந்த 5 நிமிடத்துக்குள் பிள்ளைகள் இறங்கி, தண்ணீர் பிடித்து, திருடனைப் பார்த்து, திரும்ப ஏறியாக வேண்டும். கதையின் வேகம் தானாக வந்துவிடும்.

பழைய அட்டவணைக்கு இரண்டு வழி. நியூமன்ஸ் இந்தியன் பிராட்ஷா என்று கல்கத்தாவிலிருந்து வந்துகொண்டிருந்த ரயில் அட்டவணை நூலில் எல்லாக் கம்பெனி ரயில்களும் இருக்கும். தென்னிந்திய ரயில்வே கம்பெனியும் பயணிகளுக்காகப் படங்களோடு வழிகாட்டி நூல்கள் போட்டது. எந்த ஸ்டேஷனில் தங்கும் அறை, எங்கே சாப்பாடு என்றெல்லாம் அவற்றில் கிடைக்கும். உங்கள் வருடத்துக்கு உரியது கிடைக்காவிட்டால் முன்னும் பின்னும் இரண்டு வருடத்து அட்டவணைகளை ஒப்பிட்டு எழுதுங்கள்.

எளிதில் மாட்டிக்கொள்ளும் இடம், ரயில் போகும் வழி. எழும்பூரிலிருந்து ராமேஸ்வரம் போகும் இன்றைய ரயிலையும் போட் மெயில் என்றுதான் சொல்கிறோம். அது கும்பகோணம், தஞ்சாவூர், திருச்சி, புதுக்கோட்டை, காரைக்குடி, மானாமதுரை என்று போகிறது. இதைப் பார்த்துவிட்டு 1920-ல் நடக்கும் கதைக்கும் காரைக்குடி ஸ்டேஷனை எழுதிவிடுவோம். திருச்சியிலிருந்து மானாமதுரைக்கு நேர்ப்பாதை வந்தது 1930 வாக்கில்தான். அதற்கு முன்பு திண்டுக்கல், மதுரை சுற்றித்தான் போக வேண்டும். விழுப்புரத்திலிருந்து விருத்தாசலம் வழியாகத் திருச்சிக்குப் போகும் பாதையும் 1920-களின் கடைசியில் வந்தது. என் கதையில் பிள்ளைகள் மணப்பாறையில் முறுக்கு வாங்கினார்கள். அதே ரயில் மறுநாள் காலை புதுக்கோட்டையிலும் நின்றது. ஒரே ரயில் இரண்டு ஊருக்கும் போக முடியாது. மணப்பாறை இருப்பது திண்டுக்கல் பாதையில். முறுக்கா, புதுக்கோட்டையா என்று நான் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தது.

ஒரு பெரிய சார்ட் பேப்பரில் ஸ்டேஷன் பெயர்களை மேலிருந்து கீழே எழுதி, வரும் நேரம், கிளம்பும் நேரம், அப்போது வெளிச்சமா இருட்டா, எந்த அத்தியாயம் என்று நாலு கட்டம் போடுங்கள். செலவு 10 ரூபாய். புத்தகம் முடியும் வரை சுவரில் இருக்கட்டும்.

3. தேடப் போகும் இடங்களும் கொண்டுபோக வேண்டியவையும்

வீட்டிலிருந்தே தொடங்குங்கள். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் தமிழ் மின்னூலகத்தில் பழைய நூல்களையும் பத்திரிகைகளையும் இலவசமாகப் படிக்கலாம். அதில் இரண்டு வாரம் செலவழித்தால் நேரில் எதைக் கேட்க வேண்டும் என்பது தெளிவாகிவிடும்.

நேரில் என்றால் சென்னையில் மூன்று இடம். எழும்பூர் ரயில் நிலையத்துக்கு எதிரிலேயே தமிழ்நாடு ஆவணக் காப்பகம். அதே எழும்பூரில் கன்னிமாரா நூலகம். தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம். கோட்டையூர்க்காரர் ஒருவர் வாழ்நாள் முழுக்கச் சேர்த்த தமிழ் நூல்களைக் கொண்டு 1994-ல் தொடங்கியது. பிள்ளைகள் அன்றைக்கு என்ன படித்தார்கள், சோப்பு விளம்பரத்தில் என்ன எழுதியிருந்தது, நாடக நோட்டீஸ் எப்படி இருந்தது என்பதற்கெல்லாம் தரமணிதான் சரியான இடம். ரயில்வே நிர்வாகம், துறைமுகம், தொழிலாளர் போக்குவரத்து பற்றிய அரசாணைகளுக்கு ஆவணக் காப்பகம்.

காப்பகத்துக்குப் போகும்போது அடையாள அட்டையும் அதன் நகலும், இரண்டு புகைப்படமும், எந்த வருடத்து எந்தத் துறைக் கோப்புகள் எதற்காக வேண்டும் என்று எழுதிய விண்ணப்பமும் கையில் இருக்கட்டும். பல்கலைக்கழக ஆய்வாளராக இல்லாதவர்கள் ஓர் அறிமுகக் கடிதத்தையும் கொண்டுபோவது நல்லது. கல்லூரிப் பேராசிரியர் ஒருவரோ பதிப்பகமோ கொடுத்தால் போதும். நான் கடிதம் இல்லாமல் போய், ஒரு நாள் முழுக்க உட்கார்ந்திருந்துவிட்டு மதுரைக்கே திரும்பினேன். பென்சில் கொண்டுபோங்கள். முதல் நாளே எல்லாம் கையில் வந்துவிடும் என்று நினைக்காதீர்கள். கோப்பு எடுத்து வர நேரம் ஆகும், நகல் கிடைக்க இன்னும் ஆகும். வெளியூர்க்காரர்கள் குறைந்தது 4 வேலை நாளாவது ஒதுக்க வேண்டும். மூன்று முறை போய்வந்தது, தங்கியது, நகல் எடுத்தது எல்லாம் சேர்த்து எனக்குச் சுமார் 9,000 ரூபாய் ஆனது.

4. பெட்டியை வரையுங்கள், நீராவி ரயிலில் ஒரு தடவை ஏறுங்கள்

சாகசக் கதை என்றால் துரத்தல் இருக்கும். ரயிலின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் பிள்ளைகளை ஓடவிடும் ஆசை எல்லோருக்கும் வரும். ஆனால் அந்தக் காலத்து மூன்றாம் வகுப்பில் பொதுவாக ஒரு பெட்டியிலிருந்து அடுத்த பெட்டிக்கு உள்ளேயே போக வழி கிடையாது. ஸ்டேஷன் வரும்வரை அந்தப் பெட்டியில்தான் இருந்தாக வேண்டும். எந்தப் பெட்டிக்கு உள்வழி உண்டு, எதற்கு இல்லை என்று தெரிந்துகொண்டு, எஞ்சினில் தொடங்கி கார்டு பெட்டி வரை ஒரு நீளத் தாளில் வரையுங்கள். முதல் வகுப்பு, இரண்டாம் வகுப்பு, இரண்டுக்கும் மூன்றுக்கும் இடைப்பட்ட இன்டர் வகுப்பு, மூன்றாம் வகுப்பு, தபால் பிரிக்கும் ஆர்.எம்.எஸ். பெட்டி எல்லாம் எங்கெங்கே என்று குறியுங்கள். உங்கள் பிள்ளைகள் உட்காரும் பலகைக்கு ஒரு புள்ளி வையுங்கள்.

மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரை இன்றும் நீராவி எஞ்சின்தான் தள்ளிக்கொண்டு போகிறது. போட் மெயில் ஓடிய அதே மீட்டர் கேஜ், தண்டவாளங்களுக்கு இடையே 1,000 மில்லிமீட்டர். டிக்கெட்டுக்கு அடிதடி, ஒன்றிரண்டு மாதம் முன்பே பதிவு செய்துவிடுங்கள். பெட்டி எவ்வளவு குறுகல், எதிரே இருப்பவர் முழங்கால் எங்கே இடிக்கும், எஞ்சின் மூச்சு விடும்போது ஜன்னல் சட்டத்தில் என்ன அதிர்வு என்பதெல்லாம் எந்தக் காப்பகத்திலும் கிடைக்காது. பெரம்பூரிலும் திருச்சியிலும் ரயில்வே அருங்காட்சியகம் இருக்கிறது, இரண்டுக்கும் போங்கள்.

ஓய்வுபெற்ற ரயில்வே ஊழியர் ஒருவரை எப்படியாவது பிடித்துவிடுங்கள். எனக்குக் கிடைத்தவர் மீட்டர் கேஜ் காலத்து ஸ்டேஷன் மாஸ்டர், எண்பது வயதைத் தாண்டியவர். ஒற்றைத் தண்டவாளத்தில் இரண்டு ரயில் எப்படி மோதாமல் போகும் என்று கேட்டேன். எழுந்து போய், பழைய பிரம்பு வளையம் ஒன்றைக் கொண்டுவந்து மடியில் வைத்தார். பானை வாய் அகலத்துக்கு இரண்டு மடங்கு இருக்கும். அடியில் ஒரு தோல் பை. "இதுக்குள்ள டோக்கன் இருக்கும்மா. இது கையில இல்லாம டிரைவர் அடுத்த ஸ்டேஷனுக்கு வண்டியை எடுக்கக் கூடாது. ராஜாவே வந்து சொன்னாலும் எடுக்கக் கூடாது" என்றார். நிற்காமல் போகும் ரயிலுக்கு ஸ்டேஷன் ஊழியரான பாயிண்ட்ஸ்மேன் நடைமேடை விளிம்பில் நின்று வளையத்தைத் தூக்கிப் பிடிப்பாராம். எஞ்சினில் கரி அள்ளிப்போடும் ஃபயர்மேன் கையை நீட்டி, வளையத்துக்குள் முழங்கையை விட்டு வாங்கிக்கொள்வாராம். இரவில் பக்கத்தில் ஒரு தீவட்டி. தவறிவிட்டால் ரயிலை நிறுத்திவிட்டு ஓடிப்போய் எடுத்து வர வேண்டும். என் நாவலின் ஒன்பதாம் அத்தியாயம் முழுக்க அந்த வளையம்தான்.

5. பிள்ளைகள் கண்டுபிடித்துவிடும் பிழைகள்

காசைப் பற்றி முதலில். ரூபாய்க்கு 16 அணா, அணாவுக்கு 4 பைசா. அந்தப் பைசா வேறு, இன்றைய பைசா வேறு என்று கதைக்குள்ளேயே எங்காவது புரிய வையுங்கள். ஓட்டைக் காலணா எல்லோருக்கும் பிடித்த காசு, ஆனால் அது 1943-ல்தான் வந்தது. 1935-ல் தம்பியின் டிராயர் பையில் அது இருக்க முடியாது. விளிம்பு வளைந்து வளைந்து இருக்கும் ஓரணாவும், சதுரமான இரண்டணாவும் இருக்கலாம். பழங்காசு விற்கிறவர்களிடம் இரண்டையும் வாங்கி மேசையில் வைத்துக்கொண்டு எழுதினேன்.

அப்புறம் கடல். தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னார் 22 மைல். ரயில் பெட்டியோடு கப்பலில் ஏறிப் போனதாகச் சிலர் எழுதுகிறார்கள். இந்தப் பக்கம் மீட்டர் கேஜ், இலங்கையில் அகலப் பாதை. பயணிகள் இறங்கிக் கப்பல் ஏறி, அக்கரையில் வேறு ரயில் பிடித்தார்கள். கப்பல் பெயரும் காலத்துக்குக் காலம் மாறும்: 1914-ல் தொடங்கியபோது கர்சன், எல்ஜின், ஹார்டிங், பின்னாளில் இர்வின், கோஷன். பாம்பன் தூக்குப்பாலத்தின் இரண்டு சிறகுகளையும் ஆட்கள் நின்று கையால்தான் இயக்கினார்கள். பட்டனைத் தட்டியதும் திறந்தது என்று எழுதிவிடாதீர்கள்.

இவையெல்லாம் சின்னப் பிழைகள். இதைவிடப் பெரிது ஒன்று உண்டு. அந்த ரயிலில் யார் யாரெல்லாம் போனார்கள் என்பதைக் குழந்தைக் கதை என்று சொல்லி மறைத்துவிடுவது. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குப் போன தொழிலாளர் குடும்பங்களை மண்டபம் முகாமில் இறக்கி, நோய்த்தடுப்புக்கு என்று சில நாள் அடைத்து வைத்த பிறகுதான் அனுப்பினார்கள். முதல் வகுப்புப் பயணி அன்றே கடல் தாண்டுவார். எழும்பூரிலிருந்து ஒரே ரயிலில் வந்த ஒரு தோட்டக் குடும்பத்துச் சிறுமி மண்டபத்தில் இறக்கப்படுவாள். ஸ்டேஷன் சாப்பாட்டு அறைகளிலும் சாதி பார்த்து இடம் பிரித்திருந்தார்கள். பத்து வயதுப் பிள்ளைக்கு இதெல்லாம் புரியாது என்று ஒரு பதிப்பாசிரியர் என்னிடம் சொன்னார். வாசித்துக் காட்டிய பிள்ளைகள் அத்தனை பேரும் கேட்ட முதல் கேள்வி, "அந்தப் பொண்ணு அப்புறம் என்ன ஆனா?" என்பதுதான். அதற்காகவே கடைசி அத்தியாயத்தை மாற்றினேன்.

6. எவ்வளவு எழுதுவது, யாரிடம் காட்டுவது

இந்த வயதுக்கு 20,000 சொல் போதும். 16 அத்தியாயம், ஒவ்வொன்றும் 1,200-லிருந்து 1,300 சொல். வகுப்பறையில் ஒரே மூச்சில் வாசித்துவிடலாம். பேச்சில் "சென்னப்பட்டணம்", "கூஜா", "ஜட்கா" மாதிரிச் சொற்களைத் தாராளமாக வையுங்கள். ஆனால் பக்கத்துக்கு மூன்றுக்கு மேல் வேண்டாம். பொருள் வாக்கியத்திலேயே தெரிய வேண்டும். கடைசிப் பக்கத்தில் அகராதி போட்டால் பிள்ளைகள் அதைத் திருப்புவதே இல்லை.

ஆறாம் வகுப்பு, ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் ஐந்து பேரிடம் அச்சுக்கு முன்னால் கொடுங்கள். எங்கே நிறுத்திவிட்டு எழுந்து போனார்கள் என்று மட்டும் பென்சிலில் ஒரு கோடு போடச் சொல்லுங்கள். "நல்லா இருக்கா?" என்று கேட்டால் நல்லா இருக்கு என்றுதான் சொல்வார்கள். இதற்கு இரண்டு மாதம் வைத்துக்கொள்ளுங்கள், பரீட்சை நேரத்தைத் தவிர்த்துவிட்டு.

7. படங்கள்: பேசுவதற்கு முன் எழுதிக்கொள்ளுங்கள்

ஓவியருக்குக் கதையை மட்டும் கொடுத்தால் அவர் இணையத்தில் முதலில் கிடைக்கும் எஞ்சினை வரைவார். என் அட்டைக்கு முதலில் வந்தது ஓர் அகலப்பாதை எஞ்சின், அதுவும் சுதந்திரத்துக்குப் பிறகு வந்த வகை. தவறு என்னுடையது, மாதிரிப் படம் எதுவுமே நான் கொடுக்கவில்லை. ஒவ்வொரு படத்துக்கும் எஞ்சின், பெட்டி, உடை, விளக்கு என்று மாதிரிகளைத் தனி உறையில் போட்டுக் கொடுங்கள். பழைய புகைப்படத்தை அப்படியே அச்சிடுவதாக இருந்தால், வெளியான ஆண்டு முடிந்து 60 வருடம் வரை உரிமை இருக்கும் என்பதை நினைவில் வையுங்கள். 1935-ல் வெளியானதற்கு அந்தக் காலம் எப்போதோ முடிந்துவிட்டது. இருந்தாலும் நூலகத்திலிருந்து நகல் வாங்கியிருந்தால், பயன்படுத்த அவர்கள் விதிக்கும் நிபந்தனை தனி.

ஓவியரோடும் பதிப்பகத்தோடும் உரிமை மாற்றுவது எழுத்தில், கையெழுத்தோடு இருக்க வேண்டும் என்கிறது 1957-ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டம். எத்தனை வருடத்துக்கு என்று எழுதாவிட்டால் 5 வருடம் என்றும், எந்த நாட்டுக்கு என்று எழுதாவிட்டால் இந்தியாவுக்கு மட்டும் என்றும் கொள்ளப்படும். இலங்கை, மலேசியா, சிங்கப்பூர் வாசகர்களையும் நினைத்து எழுதுகிறீர்கள் என்றால் அந்த ஒரு வரி முக்கியம். எத்தனை படம், எத்தனை முறை திருத்தம், முன்பணம் எவ்வளவு, அட்டைப்படத்தைப் போஸ்டருக்குப் பயன்படுத்தலாமா என்பதையெல்லாம் ஒரு பக்கத்தில் எழுதிக்கொண்டால் பின்னால் மனக்கசப்பு வராது.

8. பதிப்பகமா, சொந்தமாகவா?

முதலில் பதிப்பகங்களுக்கு அனுப்பிப் பாருங்கள். ஒரு பக்கச் சுருக்கம், முதல் மூன்று அத்தியாயம், எந்த வயதுக்கு என்ற குறிப்பு போதும். பதில் வர ஆறு மாதம்கூட ஆகும். ராயல்டி பேச்சு பெரும்பாலும் விலையில் 10 சதவீதத்தைச் சுற்றி நடக்கும். கணக்கு வருடத்துக்கு எத்தனை தடவை, புத்தகம் தீர்ந்து மறுபதிப்பு வராவிட்டால் உரிமை எப்போது உங்களிடம் திரும்பும் என்ற இரண்டையும் கட்டாயம் கேளுங்கள்.

"நாங்கள் வெளியிடுகிறோம், நீங்கள் பணம் கட்டுங்கள்" என்று சொல்பவர்களிடம் மிகுந்த கவனம் தேவை. நான் ஒரு நிறுவனத்திடம் முன்பணம் கட்டினேன். அவர்கள் தங்கள் பெயரில் வாங்கி வைத்திருந்த ஐ.எஸ்.பி.என். என்ற நூல் அடையாள எண்ணை என் புத்தகத்தில் போட்டார்கள். அந்த எண்ணின்படி வெளியீட்டாளர் அவர்கள், நான் இல்லை. விலகி வந்து, எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்ய நான்கு மாதம் போனது. கட்டிய பணமும் முழுதாகத் திரும்பவில்லை.

9. ஐ.எஸ்.பி.என். எண்

இதை நீங்களே வாங்கலாம், கட்டணம் கிடையாது. மத்தியக் கல்வி அமைச்சகத்தின் கீழ் இருக்கும் ராஜா ராம்மோகன் ராய் தேசிய ஐ.எஸ்.பி.என். முகமையின் இணையதளத்தில் எழுத்தாளராகவே பதிவு செய்து விண்ணப்பிக்க வேண்டும். அடையாளச் சான்று, அட்டையின் மாதிரி, தலைப்புப் பக்கம் எல்லாம் தயாராக இருக்கட்டும். அதாவது, அட்டை முடிவாகாமல் விண்ணப்பிக்கப் போகாதீர்கள். "வாங்கித் தருகிறோம்" என்று ஆயிரக்கணக்கில் கேட்கும் இடைத்தரகர்களுக்குக் கொடுக்க வேண்டியதில்லை. வாரக்கணக்கில் காத்திருக்க நேரலாம் என்பதால் அச்சுக்கு இரண்டு மாதம் முன்பே போட்டுவிடுங்கள். மின்னூலும் கொண்டுவருவதாக இருந்தால் அதற்குத் தனி எண்.

காப்புரிமை, எழுதிய உடனேயே உங்களுடையது, பதிவு கட்டாயமில்லை. மன நிம்மதிக்குச் செய்ய நினைத்தால் இலக்கிய நூலுக்குக் கட்டணம் 500 ரூபாய். யாராவது ஆட்சேபிக்கிறார்களா என்று 30 நாள் பார்ப்பார்கள், அதன் பிறகே பரிசீலனை. நான் பதிவு செய்யவில்லை.

10. பக்க வடிவமைப்பும் அச்சும்

சிறுவர் நூலுக்கு டெம்மி அளவு, 14 புள்ளி எழுத்து, 80 ஜி.எஸ்.எம். மேப்லித்தோ தாள். பக்கங்களை 16-இன் மடங்காக வையுங்கள். ஒரே தாளில் அச்சாகி மடியும் ஒரு ஃபாரம் 16 பக்கம். என்னுடையது 8 ஃபாரம். 130 பக்கம் வந்துவிட்டால் இரண்டு பக்கத்தைக் குறைப்பதுதான் புத்திசாலித்தனம், இல்லாவிட்டால் 14 வெற்றுப் பக்கத்துக்குப் பணம் கொடுப்பீர்கள்.

பிழை திருத்தத்தைப் பக்கம் கட்டிய பிறகு இன்னொரு தடவை செய்யுங்கள். யூனிகோடில் நீங்கள் அனுப்பியது வடிவமைப்பாளரின் மென்பொருளில் உடையலாம். கார்டு பச்சைக் கொடி காட்டும் வரியில் "கெ" மேல் வரியின் கடைசியிலும், காலோடு "டி" கீழ் வரியின் தொடக்கத்திலும் வந்து நின்றது எனக்கு. கொ, கோ, கௌ வரிசை எழுத்துகளையும் "ஸ்ரீ"யையும் தனியாகத் தேடிப் பாருங்கள். திரையில் பார்த்தால் கண் தவறவிடும், தாளில் எடுத்துப் பாருங்கள்.

எனக்கு ஆன செலவு இது: உள்படங்கள் 12-க்கு 14,400 ரூபாய், அட்டை 5,000, பிழை திருத்தம் 4,000, பக்க வடிவமைப்பு 3,840, அச்சு 300 பிரதிக்கு 24,600. கூட்டினால் 51,840. இதில் தேடல் செலவு சேரவில்லை. விலை 180 ரூபாய் வைத்தேன். கடைக்காரருக்கு 40 சதவீதம் போக 108 கையில் வரும். 300-ம் கடை வழியாகவே விற்றாலும் 32,400தான். முதல் அச்சில் போட்ட பணம் திரும்பாது என்று தெரிந்தே இறங்குங்கள். படமும் வடிவமைப்பும் ஒருமுறைச் செலவு என்பதால் இரண்டாம் அச்சில் நிலைமை மாறும். அச்சிட்ட புத்தகத்துக்கு ஜி.எஸ்.டி. இல்லை, ஆனால் அச்சகம் தரும் விலைப்பட்டியலில் வரி சேர்ந்திருக்கிறதா, தனியா என்று முன்பே எழுதி வாங்குங்கள்.

11. எப்போது வெளியிடுவது

சென்னைப் புத்தகக் காட்சி பொங்கலையொட்டி நடக்கும். அதற்குப் புத்தகம் வேண்டும் என்றால் கோப்பு அக்டோபர் முதல் வாரம் அச்சகத்தில் இருக்க வேண்டும். அதற்குப் பிறகு காட்சிக்கான புத்தகங்கள் குவியும்; சிவகாசி என்றால் காலண்டர், டைரி வேலையும் சேர்ந்துகொள்ளும். நான் நவம்பர் கடைசியில் கொடுத்து, காட்சி முடிவதற்கு மூன்று நாள் முன்பு கட்டுகளைப் பிரித்தேன். பள்ளிகளுக்குக் கொண்டுபோக ஜூன், ஜூலை நல்ல காலம். ஆண்டுத் தேர்வு நேரத்தில் போனால் யாருக்கும் கேட்க நேரம் இருக்காது. பொது நூலகத் துறை புத்தகம் வாங்க அறிவிப்பு விடும்போது எந்த ஆண்டில் வெளியான நூல்கள் என்று குறிப்பிடும். அதனால் உரிமைப் பக்கத்தில் மாதத்தையும் ஆண்டையும் சரியாகப் போடுங்கள்.

பலரும் மறந்துவிடுவது ஒன்று உண்டு. 1954-ஆம் ஆண்டுச் சட்டப்படி, வெளியான 30 நாளுக்குள் கொல்கத்தா தேசிய நூலகத்துக்கும், சென்னை கன்னிமாரா, மும்பை மத்திய நூலகம், டெல்லி பொது நூலகம் ஆகியவற்றுக்கும் ஒவ்வொரு பிரதி சொந்தச் செலவில் அனுப்ப வேண்டும். சொந்தமாக வெளியிடும்போது வெளியீட்டாளர் நீங்கள்தான் என்பதால் அந்தப் பொறுப்பும் உங்களுடையது. அச்சகத்திலிருந்து கட்டு வந்த அன்றே நான்கு பிரதியைத் தனியாக எடுத்து, முகவரி எழுதி, தபாலில் சேர்த்துவிட்டு, ரசீதுகளை ஐ.எஸ்.பி.என். கடிதம் இருக்கும் அதே கோப்பில் வையுங்கள்.